பதினைந்தாவது வீடு

சுண்ணாம்பு வாளி வந்துவிட்டது.

கன்னிம்மா திரும்பவில்லை. பதினான்காவது வீட்டின் தகரக் கூரைக்குக் கடைசிக் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள்.

நான்காம் பிளாக்கின் கீழ்த்தளச் சுவர். அதில் அவள் வரைந்தவை: மேலே ஒரு வரிசை வீடுகள், கீழே ஒரு வரிசை, நடுவில் தெரு. ஆற்றங்கரையில் எப்படி இருந்தனவோ அப்படியே.

பூங்காவனத்தின் பச்சைக் கதவு. தேசம்மா வாசலில் இட்லிப் பானை. தில்லியின் மொட்டை மாடியில் புறாக்கூண்டு.

அந்தத் தெருவை இரண்டே நாளில் இடித்தார்கள். ஆறு வருடமாகிறது. அங்கிருந்தவர்களை லாரியில் ஏற்றி, நகரத்துக்கு வெளியே இந்த அடுக்குமாடிகளில் இறக்கிவிட்டார்கள். இங்கே எல்லாக் கதவும் ஒரே பழுப்பு.

அரசாங்கக் காகிதத்தில் அந்த வீடுகளுக்கு வீடு என்று பெயர் இல்லை. ஆக்கிரமிப்பு.

அவள் இருபது வருடம் பெயிண்ட் வேலைக்குப் போனவள். யார் யார் வீட்டுச் சுவர்களையோ சுரண்டினாள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். பிரஷ்ஷை மட்டும் மேஸ்திரி அவள் கையில் கொடுத்ததே இல்லை.

டப்பாக்களின் அடியில் தங்கியதை வழித்து வழித்துச் சேர்த்துவைத்திருந்தாள்.

அதில்தான் இந்தத் தெரு.

கீழ்வரிசையில் மூன்றாவது இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. அவளுடைய வீடு.

மூன்று முறை வரைந்து, மூன்று முறையும் அழித்துவிட்டாள்.

இருபத்தெட்டு வருடம் அந்த வாசலில் உட்கார்ந்திருந்தவள். பார்த்ததெல்லாம் அடுத்தவர் வீடுகள். வேலை முடிந்து திரும்பும்போதும் கண் நேராக உள்ளேதான் போகும். அடுப்பு. குடம். பாயில் தூங்கும் பிள்ளை.

வெளியே நின்று அதைப் பார்த்ததே இல்லை.

"நாளைக்குப் பெரிய ஆபீசர் வர்றாரு. செவுரு பூரா வெள்ளையா இருக்கணும்." குடியிருப்பு மேற்பார்வையாளரின் குரல். பிறகு, வாளியோடு வந்தவனிடம், "இந்தக் காலி எடத்துலேருந்து ஆரம்பிப்பா."

வேலையாள் பிரஷ்ஷைச் சுண்ணாம்பில் தோய்த்தான். தூக்கினான்.

வேடிக்கை பார்க்கக் கூடியிருந்த கூட்டத்திலிருந்து பூங்காவனம் வந்தாள். வெற்றிடத்தில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

"காலி எடம் இல்ல சார். கன்னிம்மா வூடு அது."

"எங்கம்மா இருக்குது வீடு?"

பூங்காவனம் அவரைப் பார்க்கவில்லை. எங்கோ எதிரே பார்த்தாள்.

"வெள்ளச் செவுரு. பொங்கலுக்குப் பொங்கல் இவளே சுண்ணாம்பு அடிப்பா. அடியில ஒரு முழத்துக்குக் காவி."

மேற்பார்வையாளர் வாயைத் திறந்தார். அதற்குள் தேசம்மா வந்து பக்கத்தில் நின்றாள்.

"கூரை இடது பக்கம் சாஞ்சிருக்கும். மழ வந்தா தெருவே அங்கதான் தண்ணி புடிக்கும்."

"ஜன்னல் மேல ஒரு சைக்கிள் டயரு," என்றான் தில்லி. "நான் சின்னதுல வீசுனது. அக்கா கடைசி வரைக்கும் எடுக்கல."

"கதவுல மூணு பலகை. நடுப் பலகை மட்டும் புதுசு," என்றது கூட்டத்தில் இன்னொரு குரல்.

கன்னிம்மா அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நடுப் பலகை. வெள்ளம் வந்துபோன மறுநாள் அவளே ஆணி அடித்தது. கட்டைவிரல் நசுங்கியது. எப்படி மறந்தாள்?

கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலையாளிடம் போனாள்.

"தம்பி, அந்த பிரஷ்ஷக் குடு."

அவன் மேற்பார்வையாளரைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். கொடுத்துவிட்டான்.

பூங்காவனம் விலகி வழிவிட்டாள்.

முதலில் சுவர். அவர்கள் கொண்டுவந்த சுண்ணாம்பிலேயே, வெள்ளையாக. அடியில் காவி. சாய்ந்த கூரை. கதவு. மூன்று பலகைகள்.



"நாளைக்கு ஆபீசர் கேட்டா நான் இன்னாம்மா சொல்றது?" மேற்பார்வையாளரின் குரல் இறங்கியிருந்தது.

"எங்களக் கேக்கச் சொல்லு," என்றாள் பூங்காவனம்.

முப்பது பேருக்கு மேல் நின்றார்கள். ஒருவரும் நகரவில்லை. அவர் சுவரை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். புறாக்கூண்டில் அவர் கண் கொஞ்ச நேரம் நின்றது.

"பின்பக்கச் செவுர அடிப்பா," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

கடைசியாக, ஜன்னல் மேல் ஒரு கறுப்பு வட்டம்.

தில்லி விரலை வாயில் வைத்து விசில் அடித்தான். தேசம்மா சூடம் கொளுத்தி, புது வீட்டுக்குச் சுற்றுவதுபோல் மூன்று சுற்று சுற்றினாள்.

மறுநாள் அதிகாரி வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "யார் வரைஞ்சது?" என்று கேட்டார்.

"நான்தான்," என்றாள் கன்னிம்மா.

அவர் தலையசைத்தார். அதற்குப் பிறகு யாரும் அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு எடுத்து வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஐந்தாம் பிளாக்கிலிருந்து ஒரு பெண் வந்தாள். கையில் பாதி தீர்ந்த ஊதா பெயிண்ட் டப்பா.

"எங்க செவுரு சும்மாத்தான் கீதுக்கா. எங்க வூட்ட வரைஞ்சு குடுப்பியா?"

"எதிர் வூட்ல யாரு இருந்தாங்க?"

"நாகபூசணம் குடும்பம். ஏழாம் பிளாக்ல கீறாங்க." கொஞ்சம் தயங்கினாள். "பேசியே ஆறு வருசமாவுதுக்கா."

கன்னிம்மா டப்பாவை வாங்கி மூடியைத் திறந்து பார்த்தாள். ஊதா இன்னும் உலரவில்லை.

"போய் அவங்கள இட்டுகினு வா."