ரோஸ்லின் வர வேண்டி

மன்றாட்டுப் பெட்டிக்குள் ஸ்டெஃபி கையை விட்டதும் ஜெர்வின் முன்னால் நின்றவரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தான்.

ஞாயிறு இரண்டாம் பூசை. ஆவடி மாதா கோயிலில் கடைசி பெஞ்ச். அவனுக்கு அந்தப் பக்கம் அரவிந்தன், இந்தப் பக்கம் கார்த்திகேசன். இரண்டு பேருக்கும் பூசைக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. எல்லோரும் எழுந்தால் ஒரு நொடி கழித்து எழுந்தார்கள், முட்டி போட்டால் ஒரு நொடி கழித்து முட்டி போட்டார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள்.

வேடிக்கை இதுதான். 'ரோஸ்லின்' என்று ஒரு வீடியோ கேம். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு நிமிட டிரெய்லர் விட்டார்கள். பனிமூட்டத்தில் ஒரு கப்பல், அதன் பக்கவாட்டில் அந்தப் பெயர். அதோடு சரி. கேம் இன்றைக்கு வருகிறது, நாளைக்கு வருகிறது என்று தள்ளிக்கொண்டே போகிறார்கள்.

வராத கேமுக்கு ஆவடியில் ஒரு வாட்ஸ்அப் குழு, நாற்பத்தோரு பேர். போஸ்டரில் இருப்பது வளர்பிறையா தேய்பிறையா என்று ஒரு வாரம் சண்டை போட்டார்கள். கம்பெனிக்காரன் எதற்கோ மூன்று புள்ளி வைத்தான், அப்படியென்றால் மூன்றாம் மாதம் என்று கார்த்திகேசன் அடித்துச் சொன்னான். மூன்றாம் மாதம் வந்தது, போனது.

அந்த வெள்ளைக்கார முதலாளி ஒருநாள் மொட்டைத் தலையோடு பேட்டி கொடுத்தார். குழு கொண்டாடித் தீர்த்துவிட்டது. வேண்டுதல் நிறைவேறாமல் மனுஷன் மொட்டை போடுவானா? கேம் ரெடி! அவருக்கு முடி கொட்டுகிற வியாதி என்பது பிறகுதான் தெரிந்தது.

ஜெர்வின் சொன்ன தேதி ஆகஸ்ட் பதினைந்து. தப்பாகப் போனால் எந்தத் தண்டனைக்கும் தயார் என்று வாயைக் கொடுத்திருந்தான். பதினைந்தாம் தேதி கொடி ஏற்றினார்கள், மிட்டாய் கொடுத்தார்கள், கேம் மட்டும் வரவில்லை.

குழு ஓட்டுப் போட்டுத் தீர்ப்பு சொன்னது. கேம் வர வேண்டி ஜெர்வின் கோயிலில் மன்றாட்டுச் சீட்டு போட வேண்டும். ரோஸ்லின் என்ற பெயர் மைக்கில் கேட்க வேண்டும்.

யாருக்கும் சந்தேகம் வராதபடி அவனும் சாமர்த்தியமாக எழுதினான். அடியில் பெயர் போடாத சீட்டை வாசிக்க மாட்டார்கள் என்பதால் தன் பெயரையும் எழுதினான். பெட்டிக்குள் போட்ட பிறகுதான் இந்த வாரம் வாசிப்பது ஸ்டெஃபி என்று தெரிந்தது.

அடுத்த ஞாயிறு அவனுடைய அம்மா ஸ்டெஃபி வீட்டுக்குப் பெண் கேட்டுப் போவதாக இருந்தது. இரண்டு வருடக் காதல். ஸ்டெஃபியின் அப்பா பாஸ்கல், ஆறு வருடத்துக்கு முன்னால் திருச்சி ஃபேக்டரியிலிருந்து மாற்றலாகிக் குவார்ட்டர்ஸுக்கு வந்தவர். மீசையே பாதி முகம். சாமி காரியத்தில் விளையாடினவன் என்று தெரிந்தால் சம்பந்தம் பேசுவதற்கு முன்பே முறிந்துவிடும்.

ஸ்டெஃபிக்கே அந்த கேம் ஆகாது. ரோஸ்லின் என்று பேச்செடுத்தாலே முகம் வாடி எழுந்து போய்விடுவாள். பொறாமை என்று நினைத்து ஜெர்வின் உள்ளூரப் பெருமைப்பட்டிருக்கிறான்.

முதல் சீட்டு, யாருக்கோ முழங்கால் வலி. இரண்டாவது, சுசீலாவின் மகனுக்கு விசா. மூன்றாவதைப் பிரித்த ஸ்டெஃபி அப்படியே நின்றுவிட்டாள்.

"மச்சான், கண்டுபுட்ச்சிட்டா போலகீதுடா," என்று அரவிந்தன் முணுமுணுத்தான்.

மைக்கில் அவள் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. பீடத்திலிருந்து சாமியார் திரும்பிப் பார்த்தார். அதற்குப் பிறகே படித்தாள்.

"பல வருடங்களாக வராத ரோஸ்லின் சீக்கிரம் வர வேண்டி, இறைவா உம்மை மன்றாடுகிறோம்."

வரும் என்று எழுதினால் பொருள், வருவாள் என்று எழுதினால் பெண். 'வர வேண்டி' என்றால் யாரும் எதுவும் கேட்க முடியாது. இந்த யோசனைக்காக ஜெர்வின் நேற்று முழுக்கத் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டிருந்தான்.

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது கூட்டம். யார் பெற்ற பிள்ளையோ என்று முன்வரிசை முக்காடுகள் உச்சுக் கொட்டின. கார்த்திகேசன் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டான்.

எல்லோரும் சொல்லி முடித்த பிறகு ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் மட்டும் தனியாக, உடைந்து, அதையே சொன்னது. அது பாஸ்கலின் குரல்.

பூசை முடிந்ததும் ஜெர்வின் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வண்டியை நோக்கி ஓடினான். பாஸ்கல் அங்கே முன்னாடியே வந்து நின்றார். கையில் அந்தச் சீட்டு. அவருக்குப் பின்னால் ஸ்டெஃபி, அழுது சிவந்த கண்களோடு.

ஜெர்வின் வசவுக்குத் தலையைக் குனிந்து கொடுத்தான்.

"எங்க மூத்த பொண்ணுகிட்ட பேசுனியா தம்பி?" என்றார் பாஸ்கல். "சொல்லாமக் கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போய்ட்டாளேன்னு, எட்டு வருஷமா அவ பேரையே வீட்ல யாரையும் சொல்லவிடல நான். ஸ்டெஃபி சொல்லித்தானே எழுதுன? வருவாளாமா?"

ஸ்டெஃபி அப்பாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து கண்ணாலேயே கெஞ்சினாள். உண்மையைச் சொல்லிவிடாதே என்று கெஞ்சினாள்.

ஜெர்வினுக்குத் தன்னை நினைக்க வெட்கமாக இருந்தது. எதிரே மீசை துடிக்க நின்றவரைப் பார்க்கத் தாங்கவில்லை.

"வந்துரும் அங்கிள்," என்றான்.

சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டு, "வந்துருவாங்க" என்றான்.