பதினேழாவது சேர்மம்

இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் கண்ணாடியில் அழுத்திப் பிடித்தாள்.

ஓரங்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கத்தான். அவளுடைய முனைவர் பட்ட ஆய்வேட்டோடு பைண்டிங்குக்குப் போக வேண்டிய தாள்கள்.

அடியில், அவள் தயாரித்த பதினாறாவது சேர்மத்தின் மூலக்கூறு அமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர். படம். மேலே பதினேழாவதன் படம்.

சிகரங்கள் வேறு வேறு. அப்படித்தான் இருக்க வேண்டும். ஒவ்வொரு சேர்மமும் தனக்கென்று ஒரு படம் வரையும்.

சிகரங்களுக்கு அடியில் ஓடும் அடிக்கோடு மட்டும் ஒன்றாக இருந்தது.

அடிக்கோட்டில் எப்போதும் பொடிப்பொடியாக ஒரு நடுக்கம் இருக்கும், புல் முளைத்தாற்போல. அது சேர்மத்தின் வேலை இல்லை. கருவியின் இரைச்சல். ஒரே சேர்மத்தை அடுத்தடுத்து இரண்டு முறை வைத்தால் சிகரங்கள் அதே இடத்தில் வரும். இரைச்சல் அப்படியே திரும்ப வரவே வராது.

இங்கே புல்லுக்குப் புல் பொருந்தியது.

பதினாறின் படத்தில் யாரோ சிகரங்களை அழித்துவிட்டு வேறு சிகரங்களை நட்டிருக்கிறார்கள்.

யாரோ என்ன, பதினேழை வாங்கிப்போய்ப் படம் எடுத்து வந்தவர் அவளுடைய நெறியாளர் ஆவுடையப்பன் சார்தான். "நாம நெனச்சதேதாம்மா வந்திருக்கு" என்று அன்று சிரித்தபடி நீட்டினார்.

பாடத்தேர்வு முடிந்தது. தகுதிகாண் வாய்மொழித் தேர்வு, இரண்டு கட்டுரைகள், வருடா வருடம் குழுவின் முன்னால் கைகட்டி நின்றது, எல்லாம் முடிந்தது. ஆறு வருடக் கெடு இன்று ஐந்து மணியோடு தீர்கிறது. உறுதிமொழிப் பக்கத்தில் அவள் கையெழுத்து மட்டும் பாக்கி.

இதிலுள்ள முடிவுகள் யாவும் உண்மையானவை.

முதல் பதினாறும் படிகள். ஆய்வேடு ஏறிச்சென்று நிற்பது பதினேழில்தான்.

ஃபிரிட்ஜைத் திறந்தாள். பதினேழின் சீசா இருந்தது.

சேர்மம் போடுமுன் வெறும் சீசாவை எடை பார்த்து, அந்த எண்ணை அதன்மேலேயே எழுதிவைப்பாள். பிறகு எப்போது வேண்டுமானாலும் திறக்காமலே உள்ளிருப்பதன் எடையைச் சொல்லிவிடலாம். சாரிடம் கொடுத்தபோது பன்னிரண்டு மில்லிகிராம்.

பன்னிரண்டும் இருந்தால் சார் படமே எடுக்கவில்லை. சோம்பல், அவசரம், ஏதோ ஒன்று. இப்போதே ஓடிப்போய் எடுத்துவிடலாம். அரை மணி வேலை. நிஜத் தாளைச் செருகிவிடலாம்.

பன்னிரண்டாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

தராசின் கண்ணாடிக் கதவை மூடினாள். எண்கள் ஓடி நின்றன. கழித்துப் பார்த்தாள்.

ஒன்பது.

படம் எடுக்கச் சேர்மத்தைக் கரைக்க வேண்டும். பிறகு கரைப்பானை ஆவியாக்கி மீட்கும்போது கொஞ்சம் குழாயில் ஒட்டிக்கொண்டு போய்விடும். இரண்டு மில்லிகிராம், மூன்று.

பதினேழு கருவிக்குப் போயிருக்கிறது. திரும்பி வந்திருக்கிறது.

அப்படியென்றால் இன்னொரு படம் இருக்கிறது. சார் பார்த்துவிட்டு, நினைத்தது வராததால் ஒளித்து வைத்துக்கொண்ட படம்.

பின்னால் செருப்புச் சத்தம் வந்து நின்றது.

"எடை போட்டுப் பாத்தியாக்கும்" என்றார் ஆவுடையப்பன் சார். "சந்தேகப்பட நல்லாத்தான் கத்துக்குடுத்திருக்கேன்."

"குறையுது சார்."

"குறையத்தான் செய்யும். பாத்துட்டுத்தானம்மா அந்தத் தாளைப் போட்டேன்."

சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். "மணி நாலாகப் போகுது. ஆறு வருசம்மா."

வாங்கினாள். தராசுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அந்த இன்னொரு படத்துக்காக மறுபடியும் அவரிடம் கையை நீட்டினாள்.