தண்ணீர் கேட்காத பருத்தி

மழையே இல்லாவிட்டாலும் பிழைக்கும் பருத்தி. அந்த ஆராய்ச்சிக்குப் பணம் தரப் பல்கலைக்கழகம் கைவிரித்ததால், ஸ்டெல்லாமேரி அலையாய் அலைந்து வெளியே ஒரு நிறுவனத்தைப் பிடித்திருந்தாள். அதன் அதிகாரி இன்று புதூர்ப் பக்கம் அவள் அதைப் பயிரிட்டிருந்த புஞ்சையைப் பார்க்க வந்தார்.

பருத்தி பச்சைப்பசேலென்று நின்றது. அவளுக்கே ஆச்சரியம்.

அதிகாரி குனிந்து மண்ணை அள்ளினார். கரிசல் கையோடு ஒட்டியது.

“தண்ணியே ஊத்தலைன்னீங்களே, மேடம்?”

“சத்தியமா ஊத்தல, சார்!”

அவர் கையை உதறிவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார்.

புஞ்சைக்காரர் சுடலைராஜ் சிரித்தபடி ஓடிவந்தார்.

“அண்ணாச்சி, தண்ணி பாய்ச்சுனீங்களா?” என்றாள்.

“பின்னே? வந்தவிய முன்னால உங்க செடி வாடி நின்னா உங்களுக்குத்தான அசிங்கம், டீச்சரம்மா? ஊருக்குக் குடிக்க வந்த லாரித் தண்ணி அம்புட்டையும் இதுலதான் ஊத்துனோம். சொல்லுங்க, பணம் தாரேன்னுட்டாவளா?”