ஒரு பொட்டுத் தூசி

கார் ஷெட்டைப் பட்டறையாக்கிய தச்சர், விற்பனையாளர் இறக்கிவைத்த தூசி உறிஞ்சும் இயந்திரத்தை ஏற இறங்கப் பார்க்கிறார். கையோடு கொண்டுவந்த சுருள் சுருளான மரச்சீவலை அந்த ஆள் குழாய் வாயில் தூவ, அது விழுங்குகிறது. "பாத்தீங்களாண்ணே, ஒரு பொட்டுத் தூசி வெளிய வராது." சீவலைத் துடைப்பமே அள்ளிவிடும். சன்னல் வெயிலில் மரத்தூள் மாவாக மிதக்கிறதே, அதல்லவா வீட்டுக்குள் போகிறது! சுவருக்கு அப்பால் மனைவி இருமுகிறாள். உப்புத்தாள் தேய்த்த தூளை ஒரு டப்பா நிறைய அள்ளி நீட்டுகிறார் தச்சர். "இதப் போட்டுக் காட்டுங்க." "தாராளமா!" விற்பனையாளரின் சிரிப்பு மாறவில்லை. ஒரு கை சுவிட்சுக்குப் போகிறது. மறு கை பையிலிருந்து கைக்குட்டையை உருவி மூக்கைப் பொத்திக்கொள்கிறது.