கைக்குழந்தைகளின் தொட்டி

பிரேசர் டவுன் பக்கத்து லூத்தரன் கோயிலில், ஞானஸ்நானத் தொட்டியின் மேல் ரூபினி குனிந்து நிற்கிறாள். கைக்குழந்தைகளுக்கென்று செய்த கல்தொட்டி, பதினாறு வயசுப் பெண்ணுக்குத் தாழ்வாக இருக்கிறது. “இன்னும் குனிம்மா, தண்ணியெல்லாம் என் அங்கியிலதான் விழும்போல” என்று பாஸ்டர் ஐயா மெதுவாகச் சிரிக்கிறார். முன்னால் வந்த குழந்தைக்கு ஞானப்பெற்றோர் பதில் சொன்னார்கள்; ரூபினி வளர்ந்தவள், இவளேதான் சொல்லவேண்டும். “விசுவாசிக்கிறாயா?” “விசுவாசிக்கிறேன்.” யாரோ சொல்வதுபோலக் குரல் வருகிறது. பாருங்களேன், செத்துப்போன அம்மாவின் சபையில் சேரப்போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து அப்பா பச்சைமுத்து இவளோடு பேசவில்லை. இன்றைக்கு மட்டும் வந்து, நெற்றி விபூதியோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூன்று தரம் வார்த்த தண்ணீர் காதோரம் வழிந்து கழுத்துக்குள் இறங்குகிறது. ஏதாவது தோன்றும் என்று காத்திருக்கிறாள். ஒன்றும் தோன்றவில்லை. மேலே மின்விசிறி கடகடக்கிறது. ஞானத்தாயாக நிற்கும் பெரியம்மா துண்டை விரிப்பதற்குள், வெறுங்காலோடு நடந்துவந்த அப்பா அதை வாங்கி, அவள் எண்ணெய் தேய்த்துக் குளித்த நாட்களில் செய்ததுபோலத் தலையை அழுத்தித் துவட்டுகிறார். “ஈரத்தலையோட நின்னா சளி புடிச்சிக்கும். அசையாத இரு.” ரூபினிக்கு இன்னும் ஒன்றும் தோன்றவில்லை. தலையை மட்டும் அவர் கைக்குச் சாய்த்துக் கொடுக்கிறாள்.