நடுப்பாதையின் அகலம்

கிறிஸ்துமஸ் வாரத்தில் பழைய கத்தோலிக்கத் தேவாலயங்களைச் சுற்றிக்காட்டுவதுதான் கைடின் பிழைப்பு. இந்தத் தேவாலயத்துக்கு நானூறு வயது. அவருடைய ஜோக்குகளுக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். இன்று வந்த அப்பாவும் மகளும் எதற்குமே சிரிக்கவில்லை.

“கூரை வளைவைப் பாருங்க. தூணெல்லாம் கைகோத்து நிக்கிற மாதிரி இல்ல?”

“நடுப்பாதையில ரெண்டு பக்கமும் ஆள் நடந்து வர இடம் இருக்குமாண்ணா?” என்றாள் மகள். “காலையில பாத்த கோயில்ல தூண் இடிக்குது. இன்னிக்குள்ள ஒண்ணை முடிவு பண்ணியாகணும்.”

கைடுக்கு விஷயம் பளிச்சென்று விளங்கிவிட்டது. “தாராளமா வரலாம்மா! மேல பாடகர் மாடம். அங்கேருந்து பாடினா கல்லும் கரைஞ்சிடும்.”

“அப்பா, பாட்டு மட்டும் உங்க இஷ்டம்.”

அப்பா கிறிஸ்துமஸ் குடிலுக்கு வைக்கோல் பரப்புவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பொண்ணைப் பெத்தவங்க எல்லாருமே இந்த நேரத்துல ஊமையாயிடுவாங்க” என்று அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார் கைடு. “தேதி எப்பம்மா?”

“ஈஸ்டர் தாண்டாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்.”

தோளில் இருந்த கை தானாகக் கீழே இறங்கியது. “மன்னிச்சிடும்மா, நான் கல்யாணம்னு நினைச்சு... ஐயாவுக்கு உடம்புக்கு என்ன?”

“அப்பா நல்லாத்தாண்ணா இருக்கார். என் அடக்கத்துக்கு அவரைத் தனியா அலைய விட மனசில்ல. அதான் எல்லாத்தையும் நானே பாத்து வச்சுட்டுப் போறேன்.”