கறுப்புக் கரை இல்லாத தாள்

கணவரை அடக்கம் செய்து ஒன்பது நாளாகிறது. இங்கிலாந்தின் டெவன்ஷயர் மழை ஜன்னல் கண்ணாடியில் வழிந்துகொண்டிருக்கிறது. கணப்பில் ஈரக்கரி எரியாமல் புகைகிறது. காலைத் தபாலில் கணவர் பெயருக்கு வந்த சிறு பொட்டலத்தை ஹெஸ்டர் பிரிக்கிறாள். உள்ளே தேயிலைத் தூள் போல் காய்ந்த பாசி. வழக்கப்படி அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுகிறாள். சருகு மெல்ல விரிந்து பச்சையாகிறது. கூடவே வந்த கடிதத்தில் நார்விச்சிலிருந்து, கணவரைப் போலவே பாசிகளை ஆராயும் விக்கரி எழுதியிருக்கிறார்: ‘பதினொரு வருடம் உங்களோடு சண்டை போட்டேன். இது புது இனம்தான். நீங்கள் சொன்னதே சரி.’ சாவுச் செய்தி அவருக்கு இன்னும் போகவில்லை. கணவருக்குக் கை நடுக்கம் வந்த நாளிலிருந்து, அவர் சொல்லச் சொல்ல எழுதியவள் இவள்தான். “அந்தக் கழுதைக்கு எழுது” என்று அவர் ஆரம்பிப்பார்; ‘அன்புள்ள விக்கரி’ என்று இவள் எழுதுவாள். கணவருடையது என்று விக்கரிக்குத் தெரிந்த கையெழுத்து இது ஒன்றுதான். இப்போது மேசையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, பேனாவை மையில் தோய்க்கிறாள். தேநீர்க் கோப்பைகளை எடுக்க வந்த பணிப்பெண் தபிதா தயங்கி நிற்கிறாள்.

“அம்மா, துக்கத்துக்கு எழுதற கறுப்புக் கரை போட்ட தாள் இந்தப் பக்கம் இருக்கு.”

“பார்த்தேன்.”

‘அன்புள்ள விக்கரி’ என்று பேனா கீறும் சத்தம் மட்டும் கேட்கிறது.

“அவருக்கு ஐயா போன விஷயத்தைச் சொல்லணுமேம்மா. என்னன்னு எழுதறீங்க?”

ஹெஸ்டர் நிமிரவில்லை.

“முடிவு சொல்ல இந்தத் துண்டு போதாது, இன்னொண்ணு அனுப்புங்கன்னு.”